கொள்கைப் படிப்பும் 17 சதவீத ஈரப்பதமும்: பப்ளிக் பாலிசி முதுநிலை யாருக்கு உதவும்?

2025 ஜூலை 1-ஆம் தேதியோடு யுஎஸ்எய்டு என்ற அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் கதை முடிந்தது. மிச்சமிருந்த திட்டங்கள் அந்நாட்டு வெளியுறவுத் துறைக்குள் போய்ச் சேர்ந்தன. பிரிட்டனும் வெளிநாட்டு உதவியைக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. இன்னொரு பக்கம், 'பப்ளிக் பாலிசி படியுங்கள், ஐ.நா.வில் வேலை பாருங்கள்' என்ற விளம்பரம் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பட்டதாரிகளின் போனில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இதில் எதை நம்புவது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'இதைப் படித்தால் கலெக்டர் ஆகலாமா' என்றுதான் பல வீடுகளில் கேட்கிறார்கள். ஆக முடியாது. ஐ.ஏ.எஸ்.ஸில் நேரடியாகச் சேர யு.பி.எஸ்.சி. தேர்வு ஒன்றுதான் வழி, அதற்கு ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும். பப்ளிக் பாலிசி என்ற இந்தக் கொள்கைப் படிப்பு வேறு வகை.

கொள்கை என்பது என்ன?

அக்டோபர் மாதம், குறுவை அறுப்பு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ரோட்டோரம் நெல் குவியல் குவியலாகக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய். முந்தின ராத்திரி மழை. ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுகிறார். 19-ஐத் தாண்டி நிற்கிறது. 17-க்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி. விவசாயி தார்ப்பாயை விலக்கி நெல்லை மறுபடி தார்ரோட்டில் பரப்பி, காலாலேயே கிளறிவிடுகிறார். வெயில் வந்தால் நாளைக்கு 40 கிலோ சிப்பமாகத் தைத்துவிடலாம். வராவிட்டால் முளை விட்டுவிடும்.

அந்த 17 என்ற எண்தான் கொள்கை. அது மேடைப் பேச்சிலோ தேர்தல் அறிக்கையிலோ இருக்காது. நெல்லை வாங்குவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால் அது மத்தியத் தொகுப்புக்குப் போவதால் தர விதி மத்திய அரசுடையது. மழை பெய்தால் மாநிலம் தளர்வு கேட்டுக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போகும். ஆய்வு முடிந்து ஆணை வரும். 2022 அக்டோபரில் அப்படித்தான் 19 சதவீதம் வரை அனுமதி வந்தது. ஆணை வருகிறவரை நெல் ரோட்டில் கிடக்கும்.

விதி முட்டாள்தனமானதும் இல்லை. ஈர நெல் கிடங்கில் கெட்டுப்போகும், அரவையில் அரிசி குறையும். கையறுப்புக் காலத்தில் அறுத்துப் போட்ட கதிர் வயலில் காய்ந்து, களத்தில் அடித்துத் தூற்றி வந்த நெல் பெரும்பாலும் உலர்ந்தே இருந்தது. இப்போது மெஷின் இறங்கினால் காலையில் கதிர், மதியம் நெல். ஈரம் அப்படியே வருகிறது. அறுப்பு முறை மாறிவிட்டது, எண் மாறவில்லை.

இங்கே கொள்கை ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் இவை:

1. அடிக்கடி தளர்த்தத்தான் போகிறோம் என்றால், டெல்டாவின் குறுவைக்கு என்று தனி அளவை முன்கூட்டியே வைத்தால் என்ன? அதனால் வரும் அரவை நஷ்டத்தை யார் ஏற்பது?
2. நிலையத்துக்கு ஒரு உலர்த்தும் இயந்திரம் வைத்தால் என்ன செலவு? வருஷத்தில் சில வாரம் மட்டுமே ஓடும் இயந்திரத்துக்கு அது கட்டுபடியாகுமா?
3. அறுப்பையே மழைக்கு முன்னால் கொண்டுவர முடியுமா? அது மேட்டூர் திறக்கும் தேதியில் போய் நிற்கிறது. ஜூன் 12 வழக்கமான தேதி. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது.

எந்த வழிக்கும் ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும். யார், எவ்வளவு என்று கணக்குப் போட்டு, முடிவெடுப்பவர் மேசையில் 2 பக்கத்தில் வைப்பதுதான் இந்தத் தொழில்.

பட்டங்களின் பெயர்கள்

1. எம்.பி.பி.: பப்ளிக் பாலிசியில் முதுநிலை. பொருளாதாரமும் புள்ளியியலும் தூக்கலாக இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் பிளவட்னிக் பள்ளியில் ஒரே வருஷம், அமெரிக்காவில் பொதுவாக 2 வருஷம்.
2. எம்.பி.ஏ.: பொது நிர்வாக முதுநிலை. தமிழில் எழுதினால் வணிக எம்.பி.ஏ.வும் இதுவும் ஒரே எழுத்து. வீட்டில் சொல்லும்போது முழுப்பெயரைச் சொல்வது நல்லது. பாடத்தில் எம்.பி.பி.க்கும் இதற்கும் பல இடங்களில் பெரிய வித்தியாசம் கிடையாது.
3. சர்வதேச வளர்ச்சிக்கான பொது நிர்வாக முதுநிலை: ஹார்வர்டு கென்னடி பள்ளியில் இருக்கிறது. நுண்பொருளாதாரம், பேரியல் பொருளாதாரம், பல மாறிகள் கொண்ட நுண்கணிதம் மூன்றையும் கல்லூரி அளவில் முடித்திருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு படித்தவர் இதற்கு நேராக விண்ணப்பிக்க முடியாது. பொறியியல் படித்தவருக்குக் கணிதம் இருக்கும், பொருளாதாரம் இருக்காது.
4. வளர்ச்சியியல் முதுகலை: கணக்கு குறைவு, சமூகமும் வரலாறும் அரசியலும் அதிகம். பிரிட்டனில் சஸெக்ஸ், நெதர்லாந்தில் ஹேக் நகரம் இதற்குப் பழைய பெயர் பெற்றவை.

உள்நாட்டிலும் உண்டு: மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி, அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், டெல்லி ஐ.ஐ.டி. போன்றவை. செலவு பல மடங்கு குறைவு. வெளிநாட்டுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து.

உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள்?

இதற்கும் கொள்முதல் நிலையத்திலேயே உதாரணம் இருக்கிறது. நெல் போட வேண்டுமானால் சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவுக் காகிதங்கள் வேண்டும். கோயில் நிலத்தையோ வெளியூர்க்காரர் நிலத்தையோ வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து உழுபவர் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்காது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் பணமும் நிலம் யார் பெயரிலோ அவருக்குத்தான். இத்தனைக்கும் குத்தகைதாரர் பெயரைப் பதிவுசெய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை? நாலு கருவிகளோடு இதைப் பார்க்கச் சொல்லித் தருவார்கள்.

1. பொருளாதாரம்: பதிவு செய்தால் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என்று நிலக்காரர் பயப்படுகிறார். எழுதிக் கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று குத்தகைதாரர் பயப்படுகிறார். இரண்டு பேருக்குமே வாய்மொழிதான் வசதி. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை சட்டம் போட்டும் பயனில்லை.
2. புள்ளியியல்: ஒரு திட்டத்தால்தான் நிலைமை மாறியதா, அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததாலா என்று பிரித்துப் பார்ப்பது. குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்துச் சோதிக்கும் வழிக்காகத்தான் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019-இல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.
3. அரசியலும் நிறுவனங்களும்: யார் எதிர்ப்பார், யாரிடம் கையெழுத்து இருக்கிறது. காவிரியையே எடுத்துக்கொள்ளலாம். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. சாதாரண வருஷத்துக்கு மாதக் கணக்கு இருக்கிறது. பற்றாக்குறை வருஷம் வந்தால் ஒவ்வொரு முறையும் ஆணையத்தில் மல்லுக்கட்டுதான்.
4. எழுத்து: அமைச்சர் காரில் போகும்போது படித்து முடிக்கக்கூடிய குறிப்பு. கேட்க எளிது. 40 பக்கம் எழுதுகிறவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள்.

டெல்டாவுக்கு இது புதிதல்ல

சர்வதேச வளர்ச்சி, அதாவது ஏழை நாடுகளை முன்னேற்றும் வேலை, என்றதும் ஆப்பிரிக்கா, ஜெனீவா என்று மனம் போகும். ஆனால் நூறு வருஷமாக அது நம் வரப்பில்தான் நடந்துகொண்டிருக்கிறது. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் கிராம ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த ஊர்களில் ஒன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி. அதன்பின் வேறு வேறு தலைமுறை ஆய்வாளர்கள் அங்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் பரிந்துரையில் வந்த 'பேக்கேஜ்' திட்டத்துக்கு 1960-இல் நாடு முழுக்கத் தேர்ந்த முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று: விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக. ஆடுதுறை 27 நெல் குறுவைக்குப் பரவியதும் அந்தக் காலத்தில்தான். 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கி வெண்ணாறு உபவடிநிலத்துக்கு 10 கோடி டாலர் கடன் ஒதுக்கியது. ஹரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு எல்லாம் அந்தத் திட்டத்தில் வந்தவை.

ஜே.சி. குமரப்பாவையும் சொல்ல வேண்டும். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் தணிக்கையாளர் ஆனவர், 1920-களின் கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரி, செலவுக்கும் உள்ள தொடர்புதான் ஆய்வுப்பொருள். திரும்பி வந்ததும் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரை அனுப்பிய இடம் குஜராத்தின் மாதர் தாலுகா, ஊர் ஊராகக் கணக்கெடுக்க. இன்றைக்கு எந்தக் கொள்கைப் பள்ளி மாணவரும் செய்யும் களப்பணியின் ஒழுங்கு அதுதான்.

இதே வரலாற்றில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில மாதங்களில் உலகத்தின் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் நாகையில் வாடகைக்கு வீடு தேடின. ஒருங்கிணைப்பாளர், கள அலுவலர், கணக்காளர் என்று உள்ளூர் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. நிதி வருஷம் முடிய முடிய அலுவலகங்கள் மூடப்பட்டன. பேரிடரோடு வரும் பணம் வெள்ளம் மாதிரி, வடியத்தான் செய்யும். அதை நம்பி நிரந்தர வேலை என்று நினைத்தவர்களுக்குத்தான் அடி.

2025-இல் வடிந்தது எது?

1. ஜனவரி 20: அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தார். மார்ச் 10: யுஎஸ்எய்டு திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று வெளியுறவு அமைச்சர் அறிவித்தார்.
2. பிப்ரவரி: தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆக்குவோம் என்றது பிரிட்டன்.
3. பணக்கார நாடுகளின் மொத்த உதவி 2024-லேயே 7.1 சதவீதம் சரிந்தது என்றும், 2025-இல் மேலும் 9 முதல் 17 சதவீதம் சரியலாம் என்றும் அந்நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி கணித்தது.
4. ஐ.நா.வும் மார்ச் மாதம் 'ஐ.நா. 80' என்ற பெயரில் சிக்கன நடவடிக்கையைத் தொடங்கியது.

இதன் விளைவு எண்ணிக்கைக் குறைவோடு நிற்கவில்லை. வேலையிழந்த, பல வருஷ அனுபவம் உள்ளவர்கள் அதே சந்தைக்கு வந்துவிட்டார்கள். ஒரு சாதாரண ஆலோசகர் பணிக்கும் அவர்கள் விண்ணப்பிக்கும்போது, புதுசாகப் பட்டம் வாங்கியவர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் கதை முன்பே மாறிவிட்டது. உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவான ஐடிஏ-விலிருந்து இந்தியா 2014-லேயே வெளியேறிவிட்டது. இப்போது வாங்குவது பெரும்பாலும் வட்டிக்கடன். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம், ஒரு அமைப்பு வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவு வரம்பும் 50-இலிருந்து 20 சதவீதமானது. பெரிய அமைப்புகளிடமிருந்து பணம் பெற்று இயங்கிய சின்ன கிராமத்து டிரஸ்டுகளுக்கு அதோடு அந்த வழி அடைபட்டது.

அப்படியானால் வேலை எங்கே?

பெரும்பாலும் அரசாங்கத்தைச் சுற்றி. இதைச் சொல்ல விளம்பரங்களுக்கு மனம் வருவதில்லை.

1. திட்ட மேலாண்மை அலகுகள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நடக்கும் திட்டமானாலும், மாநிலத் துறையின் சொந்தத் திட்டமானாலும், அதை நடத்த ஒரு தனிக் குழு இருக்கும். அதில் ஒப்பந்த ஊழியர்களும் ஆலோசனை நிறுவன ஆட்களும் இருப்பார்கள். இன்று இந்தியாவில் கொள்கைப் பட்டதாரிகள் பலர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி இதுதான். காலம் திட்டம் முடிகிறவரை.
2. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் போன்ற 2 வருஷப் பணிகள், நாடாளுமன்ற உறுப்பினரோடு ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை பார்க்கும் லேம்ப் பயிற்சி. லேம்புக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.
3. ஆய்வு நிறுவனங்கள். மால்கம் ஆதிசேஷையா 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனின் ஆராய்ச்சி அறக்கட்டளை, வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் சோதிக்கும் ஜே-பால் தெற்காசியா ஆகியவை.
4. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும்.
5. ஐ.நா., உலக வங்கி. உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டம் 1963-இலிருந்து நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்துச் சில பத்துப் பேர் சேருகிறார்கள். ஐ.நா.வின் ஜேபிஓ என்ற இளநிலை அலுவலர் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் பணக்கார நாடுகள் தங்கள் குடிமக்களுக்காகப் பணம் கட்டுகின்றன. நமக்குக் கிடைப்பது அதிகமும் சில மாத ஆலோசகர் ஒப்பந்தம் அல்லது ஐ.நா. தொண்டர் பணி.

மூன்றாவதில் டெல்டா பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் உண்டு. கணக்கெடுப்புப் படிவத்தில் 'எத்தனை ஏக்கர்' என்று இருக்கும். 'ஆறு மா' என்பார் விவசாயி. மூன்று மா சுமார் ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று தெரிந்தவர் 2 என்று எழுதுவார். தெரியாதவர் 6 என்று எழுதிவிட்டுப் போவார், கணினியில் விளைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறைந்து நிற்கும். இந்த மாதிரித் தவறைக் கண்டுபிடிக்கும் ஆள் ஆய்வுக்குழுவுக்கு வேண்டும்.

பணக் கணக்கு

அமெரிக்காவின் பெரிய பள்ளிகளில் 2 வருஷம் என்றால் கட்டணமும் தங்குசெலவும் சேர்ந்து ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். பிரிட்டனில் ஒரு வருஷம் என்பதால் குறைவு. பாதி உதவித்தொகை கிடைத்து, மீதிக்கு 50 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டி, 10 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 66,000 ரூபாய். டாலரில் சம்பளம் வந்தால் கட்டலாம். ஊர் திரும்பி ஒப்பந்த வேலையில் இருந்துகொண்டு கட்டுவது பெரும்பாடு. ஐ.டி. படிப்புக்கு வாங்கும் கடனும் இதுவும் ஒன்றல்ல.

டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 'நமக்குத்தான் நஞ்சை இருக்கிறதே' என்று பத்திரத்தோடு வங்கிக்குப் போனால் மேலாளர் தயங்குவார். கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டுச் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் வங்கி கேட்பது டவுனில் வீடோ மனையோ. இரண்டு வேலி நிலம் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

கடனில்லாத வழிகள்:

1. பிரின்ஸ்டனின் பொது நிர்வாக முதுநிலையில் சேரும் எல்லோருக்கும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.
2. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், பாரம்பரியக் கைவினைஞர்கள், இவர்களோடு நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளர் குடும்பங்களும் இதில் வருகிறார்கள். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். டெல்டாவில் தகுதியுள்ள வீடுகள் ஏராளம், கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.
3. சீவெனிங், பிரிட்டன் அரசுடையது. 2,800 மணி நேரம், அதாவது சுமார் 2 வருஷ வேலை அனுபவம் கேட்கும். படித்து முடித்து 2 வருஷம் தாய்நாட்டில் இருக்க வேண்டும்.
4. ஃபுல்பிரைட் நேரு முதுநிலை உதவித்தொகைக்கு 3 வருஷ அனுபவம். ஜப்பான் பணத்தில் ஆசிய வளர்ச்சி வங்கி தருவதற்கு 2 வருஷம், உலக வங்கி தருவதற்கு வளர்ச்சித் துறையில் 3 வருஷம்.

கடைசி இரண்டு வரியைச் சேர்த்துப் படித்தால் வரிசை தானாகத் தெரியும். பட்டம், பிறகு வேலை என்று நாம் நினைக்கிறோம். பணம் கொடுப்பவர்கள் வேலை, பிறகு பட்டம் என்று கேட்கிறார்கள். எனவே 21 வயதில் கடன் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுவதை விட, 2, 3 வருஷம் ஆய்வு நிறுவனத்திலோ திட்ட அலகிலோ கணக்கெடுத்துவிட்டு 25-இல் விண்ணப்பிப்பது சரி. அந்த இடைவெளியில் பொருளாதாரம், நுண்கணிதப் பாடங்களை இணையவழியில் மதிப்பெண்ணோடு முடித்துவிடலாம். வேலை பார்த்துப் பார்த்து, இந்தப் படிப்பே தேவையில்லை என்று தெரிந்துபோகவும் கூடும்; அதுவும் மிச்சம்தான்.

விண்ணப்பக் கட்டுரையில் தேர்வாளர்கள் தேடுவதும் இதையே. 'வறுமையை ஒழிக்க விரும்புகிறேன்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வாய்மொழிக் குத்தகைதாரர் ஏன் அடங்கல் கேட்பதில்லை என்று இருபது வீட்டில் கேட்டு எழுதியவர் ஒருவர் இருந்தால், அவர் பெயர் நினைவில் நிற்கும்.

தேதிகள்: சீவெனிங் விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடும். அமெரிக்கப் பள்ளிகளுக்கு டிசம்பர், ஜனவரி. பரிந்துரைக் கடிதம் 2 அல்லது 3 வேண்டும். அதில் ஒன்றாவது கூட வேலை பார்த்த அதிகாரி தருவதாக இருக்க வேண்டும். அவரிடம் ஜூலையிலேயே, குறுவைக் கொள்முதல் தொடங்கும் முன் கேட்டுவிடுவது நல்லது. அக்டோபரில் டெல்டா மாவட்ட அலுவலகங்களில் யாருக்கும் கடிதம் எழுத நேரம் இருக்காது.